லுட்விக்கை லமினேற் பண்ணிய கதை

ஜனவரி 9, சனி

ஆரணி போன் எடுத்தாள். பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியால் விட்டதும் நேரே எங்களிடம்தான் வருவாளாம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை இங்கே நிற்பாள். மகள் தாய் வீட்டில் சரக்குக் கறி சாப்பிட்டு உடம்பைத் தேற்றாமல் வேறு எங்கே தேற்றுவது? மருமகனும் ஓமென்றுவிட்டார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. போனை வைத்த பிறகுதான் தலையிடி தொடங்கியது. எந்த அறையில் படுப்பாள்?

இந்த வீட்டில் பனிக்காலத்தில் சூடு நிற்கிற அறை ஒன்றே ஒன்றுதான், பின்னறை. அதற்குள் போலந்து ராணுவம் குடியிருக்கிறது.

பகிடி இல்லை. என் மனுசன் குகதாசன் ஸ்கொட்லாந்தில் இந்தப் பேர்த் நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் ஸ்கொட்லாந்துக்கு வந்து முகாம் போட்ட போலந்துப் படையாட்களின் சாமான்களைத் தேடிச் சேர்ப்பதும், அது யாருடையது என்று ஆராய்வதும்தான் இப்போது அவருக்கு வேலை. கழுகு பொறித்த தொப்பிச் சின்னம், பொத்தான், சம்பளப் புத்தகம், லீவுத் துண்டு, பூச்சி உருண்டை மணக்கிற மேற்கோட்டு. சண்டை முடிந்தும் ஊர் திரும்ப வழியில்லாமல் இங்கேயே கிடந்து செத்தவர்கள் கனபேர். செத்தபின் வீட்டைத் துப்புரவாக்குகிறவர்கள் பெட்டியோடு பழஞ்சாமான் சந்தையில் கொட்டுவார்கள். இந்தாள் போய் அள்ளிக்கொண்டு வருவார்.

சாவகச்சேரியில் பிறந்தவனுக்கும் போலந்துக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நானும் கேட்டிருக்கிறேன். "ஆரோ ஒராள் பாக்கத்தானே வேணும்" என்பார். அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்.

இன்றைக்குத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டேன். செத்தவர்களின் உடுப்பும் சாமானும் கிடக்கிற அறையில் பச்சைப்பிள்ளையைப் படுக்கவைக்க முடியாது.

"எல்லாத்தையும் ஷெட்டுக்குள்ள கொண்டுபோய் வையுங்கோ."

"ஷெட் ஒழுகுது, லோஜி. ஈரம் பட்டா எல்லாம் போச்சு."

"அப்ப பிள்ளையை ஷெட்டில வளத்தட்டோ?"

தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜனவரி 15, வெள்ளி

பொங்கல். பால் பொங்குகிற நேரம் பார்த்து, "லோஜி, ஒருக்கா ஓடி வாரும், இந்தப் பொத்தானில என்ன எழுதியிருக்கு எண்டு உம்மட கண்ணுக்குத் தெரியுதோ" என்று கூப்பிட்டார். போனேன். புத்தி கெட்டுப் போனேன். வந்து பார்த்தால் பால் அடுப்பெல்லாம் ஓடிப் பானை அடிப்பிடித்துவிட்டது. சூரிய பகவானுக்கு இந்த வருசம் தீய்ந்த பொங்கல்.

பொத்தானில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஜனவரி 23, சனி

இன்று காலை இந்தாள் குசினிக்குள் வந்து நின்ற விதத்தைப் பார்த்து நெஞ்சுவலியாக்கும் என்று பயந்துபோனேன்.

"லுட்விக்கின்ர மகள் உயிரோட இருக்கிறா" என்றார்.

லுட்விக் என்றால் எனக்கும் தெரியும். தெரியாமல் எப்படி? இரண்டு வருசமாகச் சாப்பாட்டு மேசையில் எங்களோடு இருக்கிறான். சந்தையில் கிடைத்த ஒரு தகரப் பெட்டிக்குள் அவனுடைய அடையாளப் பத்திரம் இருந்தது. மடித்த ஒற்றைத் தாள். மூலையில் ஒரு படம், இருபத்தைந்து வயது இருக்கும், காது இரண்டும் கதவு திறந்து வைத்ததுபோல விரிந்திருக்கும். பக்கத்தில் ஊதா மை முத்திரை. ஜெர்மன்காரரிடம் பிரான்ஸ் விழுந்த வருசம் கப்பலில் இங்கே வந்தவன். சண்டை முடிந்த பிறகு போகவில்லை, இதே ஊரில் மரத் தொழிற்சாலையில் வேலை செய்து செத்தவன். புதைத்த இடத்தைக்கூட இந்தாள் கண்டுபிடித்துவிட்டார்.

அவன் சண்டைக்குப் புறப்பட்டபோது பெண்சாதி வயிற்றுப்பிள்ளைத்தாய்ச்சியாம். பிறந்த மகள் ஹலினா தகப்பனைக் கண்டதே இல்லை. இப்போது எண்பதை எட்டிப் பிடிக்கிற வயது. போலந்துக்காரர் ஒருவருக்கொருவர் தகவல் விசாரிக்கிற ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் இந்தாள் எழுதிப்போட, அவளுடைய பேத்தி பார்த்திருக்கிறாள். ஹலினாவிடம் தகப்பனுடைய படம்கூட இல்லையாம். அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு, புருசன் மேற்கே இருக்கிறான் என்று தெரிந்தால் ஆபத்து என்று தாய் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாளாம்.

அது எனக்கு விளங்கியது. எங்களுடைய சனமும் படங்களை அடுப்பில் போட்டதுதான்.

"அடுத்த மாதம் வரினமாம். அந்தத் தாளை அவவின்ர கையில குடுக்கப்போறன்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், எனக்கும் கலங்கியிருந்தது.

ஜனவரி 24, ஞாயிறு

நித்திரை வரவில்லை. காலையில் எழும்பியதும் எரிச்சல்.

ஊரான் வீட்டுத் தகப்பனைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிகிறது. கடைக்குப் பாண் வாங்கச் சைக்கிளில் போன என் தம்பி பவானந்தனை வழியில் பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்கே வைத்தார்கள், என்ன செய்தார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் ஒரு தகவல் இல்லை. அவனைப் பற்றிக் கதையெடுத்தால் இந்தாள், "அதை விடும், லோஜி" என்பார். லுட்விக்கை மட்டும் விட மாட்டார்.

முந்தி அப்படி இருக்கவில்லை. தம்பிக்காக எழுதாத இடம் இல்லை, ஏறாத படி இல்லை. கடைசியாக எழுதிய பெரிய இடத்திலிருந்து 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டார். அந்த வருசந்தான் முதல்முதல் ஒரு தொப்பிச் சின்னத்தோடு சந்தையால் வந்தார். அப்போதே அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருந்தால் இன்றைக்கு எனக்கு ஒரு அறை மிஞ்சியிருக்கும்.

சின்னத்தைப் புளி போட்டு மினுக்கித்தான் கொடுத்தேன். பழைய கறை போய்விட்டது என்று இந்தாள் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

பெப்ரவரி 2, செவ்வாய்

ஷெட் கூரைக்குத் தார்ச்சீலை அடித்தார். சாமான் மாற்றத் தொடங்கியாயிற்று. தொடங்கினால் முடியவேண்டாமா? ஒரு பெட்டியைத் தூக்குவார், திறப்பார், வெள்ளைப் பருத்திக் கையுறையை மாட்டுவார், ஒரு தாளை எடுப்பார், அங்கேயே குந்தி வாசிப்பார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அட்டை வைத்திருக்கிறார். பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், கடைசியாக உடுத்த உடுப்பு. கேட்டால், அப்படித்தான் ஆளை அடையாளம் பிடிப்பதாம். நான் நேர்சிங் ஹோம் குசினியில் வேலை முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், காலையில் எடுத்த அதே பெட்டி நடைபாதையில் கிடக்கிறது. கால் தடக்கி விழப் பார்த்தேன்.

"அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு ஒருநாள் சட்டி கழுவித் தாங்கோ" என்றேன். அதற்கு வேறு கையுறையாம்.

பெப்ரவரி 6, சனி

இந்தாள் விடியவே எடின்பரோவுக்குப் போய்விட்டார். இவரைப்போல விசர் பிடித்தவர்கள் கூடிச் சாமான் மாற்றுகிற சந்தை. போகும்போது, "மழை வரும், ஷெட்டை ஒருக்கா எட்டிப் பாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை என்றால் மழை. மத்தியானம் போய்ப் பார்த்தால் தார்ச்சீலை ஒரு மூலையில் கிளம்பி, மேல் பெட்டியில் சொட்டுச்சொட்டாக விழுகிறது. திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே லுட்விக். தாளின் ஒரு கரை நனைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் முகத்துக்கு வந்திருக்கும்.

உள்ளே கொண்டுவந்து ஹீற்றருக்குக் கிட்டப் பிடித்துக் காயவைத்தேன். இனி இதைத் திரும்பவும் வெறும் கடதாசியாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆரணி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், படங்களுக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டுச் சூடாக்கி ஒட்டுகிற லமினேற் மெசின் ஒன்று வைத்திருக்கிறாள். பிரசவ லீவென்று அதை இங்கேதான் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

எங்கள் சனம் இடம்பெயர்ந்தபோது பிறப்புப் பத்திரம், காணி உறுதி, அடையாள அட்டை என்று எல்லாவற்றையும் லமினேற் பண்ணி, பொலித்தீன் பையில் சுற்றி, நெஞ்சில் கட்டிக்கொண்டுதான் தண்ணீர் கடந்தது. உறை போட்டது மிஞ்சியது, போடாதது கரைந்தது. இதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

மெசினில் விட்டேன். வழுவழுவென்று வந்தது. லுட்விக்கின் காது பளபளத்தது. இனி மழையென்ன, கடலில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. முத்திரை மட்டும் சூட்டில் கொஞ்சம் கசிந்து ஒரு பக்கம் மங்கிப்போயிருந்தது.

மேசையில் வைத்திருக்கிறேன். வந்து பார்த்துச் சந்தோசப்படட்டும்.

பெப்ரவரி 7, ஞாயிறு

குளிக்கப் போய்ச் சேறு பூசின கதை.

நேற்று வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மேசையைப் பார்த்தார். கதிரையில் இருந்தார்.

"என்ன செய்தனீர்?"

"நனைஞ்சு போச்சப்பா. அதுதான் உறை போட்டனான்."

"இதை இனிக் கழட்டேலாது தெரியுமோ? கழட்டினா மை, படம், எல்லாம் பிளாஸ்ரிக்கோட வந்திடும். இது ஒண்டுதான் லோஜி அவனுக்கு இருந்தது."

"தண்ணிக்குள்ள கிடந்திருந்தா அதுவும் இருந்திராது."

"ஒத்தித் துடைச்சுக் காயவைச்சிருந்தாக் காணும். எவ்வளவு தரம் சொல்லியிருக்கிறன், பழைய தாளைச் சூடு காட்டக் கூடாது எண்டு. நீர் என்ர கதையை எப்பவாவது கேட்டனீரோ?"

சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மெல்லமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எட்டிப் பாரும் என்று சொல்லிவிட்டு ஊர் சுற்றப் போனவர் இவர். காப்பாற்றினது நான். குற்றவாளியும் நான்.

பெப்ரவரி 8, திங்கள்

கதைக்கவில்லை. புட்டு மட்டும் சாப்பிட்டார்.

பெப்ரவரி 12, வெள்ளி

இன்னும் கதையில்லை. எனக்குச் சொல்லவேண்டியதை ஆரணிக்குப் போன் போட்டுச் சொல்கிறார், அவள் எனக்குப் போன் போடுகிறாள். ஒரே வீட்டில் உப்பு எங்கே என்று கேட்க, ஆரணி இருக்கிற கிளாஸ்கோவைச் சுற்றி வரவேண்டியிருக்கிறது. நிறைமாதக்காரியைப் படுத்துகிற பாடு.

இன்றைக்கு ஆரணி, "அம்மா, அப்பா அந்த மனுசியை வரவேண்டாம் எண்டு எழுதப்போறாராம்" என்றாள்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பின்னறைக்குப் போனேன். கம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"என்ன எழுதிறியள்?"

கதிரையை அந்தப் பக்கம் திருப்பினார்.

"என்னப்பா, உங்களைத்தான் கேக்கிறன்."

"எந்த முகத்தோட குடுக்கிறது? தேப்பன்ர ஒரே ஒரு தாள், அதையும் கெடுத்துப்போட்டம் எண்டு சொல்லவோ?"

"சொல்லுங்கோ. என்ர பெண்சாதி ஒரு மொக்கு, அவதான் செய்தவ எண்டு சொல்லுங்கோ. ஆனா வரவேண்டாம் எண்டு மட்டும் எழுதாதேங்கோ. எழுபது வருசத்துக்கு மேல தேப்பன்ர முகம் தெரியாமல் இருந்த மனுசி. ஆரோ ஒருத்தர் வந்து, 'இந்தா உன்ர ஆளின்ர சாமான்' எண்டு எனக்குத் தந்தா, அது கிழிஞ்சிருக்கோ எரிஞ்சிருக்கோ எண்டு பாப்பனே?"

கடைசி வசனம் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. நான் குசினிக்குப் போய்விட்டேன். பருப்பைக் கரி ஆக்கினேன். கொஞ்ச நேரத்தால் வந்து, "கடிதம் எழுதேல்ல" என்றார். "உப்பு எங்க கிடக்கு?" என்று என்னிடமே கேட்டார்.

பெப்ரவரி 20, சனி

வந்தார்கள். ஹலினாவும் பேத்தி ஓலாவும். இந்தாள் கலியாண வீட்டுக்குப் போகிறதுபோல கழுத்தில் ரை கட்டிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போய்க் கூட்டி வந்தார். நான் ரோல்ஸும் வடையும் சுட்டிருந்தேன். மனுசி குள்ளம், கம்பளித் தொப்பி, ஒரு பெரிய கறுத்தக் கைப்பை. போலிஷ் மட்டுந்தான் பேசுவாள். ஓலாதான் இங்கிலிஷில் சொன்னாள்.

இந்தாள் மன்னிப்புக் கேட்க ஒரு பேச்சே எழுதி வைத்திருந்தார். எழும்பி நின்று தொடங்கினார். தாளின் அருமை, சூடு, மை, பாதுகாப்பு முறை என்று போய்க்கொண்டிருந்தது. ஓலா மொழிபெயர்த்து முடிக்கவில்லை, மனுசி கையை நீட்டி மேசையிலிருந்த லுட்விக்கை எடுத்துவிட்டாள். வெறுங்கையால். வடை சாப்பிட்ட கையால். இந்தாளின் பேச்சு அப்படியே நின்றது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தொப்பியைக் கழற்றித் தன் காதைத் தொட்டாள். அதே காது. ஓலா சிரித்தாள், பிறகு அழுதாள். மனுசி அழவில்லை. படத்துக்குக் கொஞ்சினாள். உறையில் வாய் எண்ணெய் பட்டது. கம்பளிச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுத் திரும்பவும் கொஞ்சினாள்.

பிறகு சவக்காலைக்குப் போனோம். போலந்துப் படையாட்களுக்கென்று வரிசையாகக் கல் வைத்த பக்கம் ஒன்று அங்கே இருக்கிறது, ஆனால் லுட்விக் பிந்திச் செத்தபடியால் வேறு மூலையில் கிடக்கிறான். நாங்கள் போய்ச் சேர மழை பிடித்துக்கொண்டது. மனுசி கல்லடியில் குந்தி, கைப்பையைத் திறந்து, தாளை எடுத்துக் கல்லில் சாத்தி வைத்தாள். தகப்பனுக்கு அவனுடைய படத்தையே காட்டுகிறாளோ, என்னவோ. இந்தாள் பாய்ந்து போய்க் குடையைப் பிடித்தார். மனுசிக்கு இல்லை, தாளுக்கு. அவள் நனைந்துகொண்டிருக்கிறாள்.

"அந்த மனுசிக்குப் பிடியுங்கோப்பா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

ஹலினா திரும்பிக் குடையைக் கையால் தள்ளினாள். என்னவோ சொன்னாள். தேவையில்லை, தண்ணீர் உள்ளே போகாது என்கிறாள் என்று ஓலா சொன்னாள். மழை லுட்விக்கின் முகத்தில் விழுந்து வழிந்தது. அவள் உள்ளங்கையால் துடைத்தாள். திரும்ப விழுந்தது, திரும்பத் துடைத்தாள். அப்போதுதான் அழுதாள். துடைக்கத் துடைக்க அவனுடைய முகம் அப்படியே இருந்தது.

இந்தாள் குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டு நின்றார்.

தாளை வைக்கவென்று அமிலம் இல்லாத கடதாசியில் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். மனுசி நன்றி சொல்லிப் பெட்டியை ஓலாவிடம் கொடுத்தாள், லுட்விக்கை மருந்துக் குளிசைக்கும் பாதிச் சாண்ட்விச்சுக்கும் நடுவில் கைப்பைக்குள் வைத்தாள். இந்தாளின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

திரும்பி வரும்போது, "அந்த முத்திரை மட்டும் கசியாமல் இருந்திருந்தா…" என்று இழுத்தார்.

"சும்மா காரை ஓட்டுங்கோ" என்றேன்.

பெப்ரவரி 21, ஞாயிறு

அறை முடிந்தது. மேற்கோட்டு, பெட்டிகள், கழுகுகள் எல்லாம் ஷெட்டில். கூரையை வேறு ஆள் பிடித்து ஒழுங்காகச் செய்தாயிற்று. நிலத்தை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். தொட்டிலும் வந்துவிட்டது. சுவரில் ஒரு தட்டு மட்டும் வெறுமையாக நிற்கிறது.

பின்னேரம் என் சீலை அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய் இந்தாளுக்கு முன்னால் வைத்தேன்.

தம்பியின் அடையாள அட்டை. அன்றைக்கு அவன் சேட்டு மாற்றினான். அட்டை கழற்றிப்போட்ட சேட்டுப் பொக்கற்றில் இருந்துவிட்டது. மறித்துச் சோதிக்கிற இடத்தில் காட்ட அவனிடம் ஒன்றும் இருந்திருக்காது. அம்மா அதை இடம்பெயர்ந்த இடமெல்லாம் நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்தா. அம்மா செத்த பிறகு என்னிடம் வந்தது. நான் ஒருவருக்கும் காட்டவில்லை. காட்டினால் ஆராய்வார்கள், ஆராய்ந்தால் ஒரு முடிவு சொல்வார்கள்.

இந்தாள் கையுறையை எடுத்து மாட்டப்போனார்.

"லமினேற் பண்ணினதுதானே. அது என்னத்துக்கு?"

கையுறையை மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையால் எடுத்தார். கனநேரம் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, ஒவ்வொரு ஆளுக்கும் வைக்கிற அட்டையில் புதிசாக ஒன்றை எடுத்து, 'பவானந்தன்' என்று எழுதினார். பிறந்த திகதி எனக்குச் சொல்லத் தெரிந்தது. கடைசியாகக் கண்ட இடம், வீட்டு வாசற் படலை.

"கடைசியா உடுத்தது?"

இத்தனை வருசத்தில் இதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. எழுதிப்போட்ட பெரிய பெரிய இடங்கள்கூடக் கேட்கவில்லை.

"நீலக் கோடு போட்ட சேட்டு. வெள்ளைச் சேட்டில வாழைக்கயர் பட்டுக் கறையாப் போச்செண்டு மாத்தினவன்" என்றேன். இந்தாள் பேனையை வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நன்றாக அழுதேன். இதில் எழுத என்ன இருக்கு, அழுதேன்.

பிறகு தம்பியின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஒரு பக்கம் பிள்ளையின் அறை, மற்றப் பக்கம் ஷெட்டுக்குப் போகிற கதவு.

"லோஜி, இதை எங்க வைக்கிறது?"

கேட்கிற கேள்வியைப் பார். சட்டம் போட்டது நான்தான், செத்தவர்களின் சாமான் ஷெட்டுக்கு என்று. அதற்காக என்னிடமே கேட்பதா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நீங்கள்தானே பெரிய ஆராய்ச்சிக்காரர், நீங்களே சொல்லுங்கோ என்று ஏசினேன். அவர் நான் சொல்லும்வரை அப்படியே நின்றார்.

"ஷெட் குளிர்" என்றேன். "இஞ்ச, இந்தத் தட்டில வையுங்கோ."

மார்ச் 5, சனி

ஆரணி பிள்ளையோடு வந்துவிட்டாள். பெட்டைக்குஞ்சு. நல்ல தலைமயிர், நல்ல குரல். சரக்குத் தூள் இடித்துக் கை எரிகிறது. இந்தாள் பிள்ளையைத் தூக்கக் கையுறை மாட்டப் பார்க்கிறார், ஏசிவிட்டேன்.

ஓலா படம் அனுப்பியிருக்கிறாள். லுட்விக் ஹலினாவின் குசினியில் சீனிப் போத்தலில் சாய்ந்து நிற்கிறான். "ஐயோ, அடுப்பு ஆவி" என்று இந்தாள் தலையில் கை வைத்தார்.

ஆரணி தட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த அறைக்குள்ள செத்தவையின்ர சாமான் ஒண்டும் இருக்கக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றாள்.

ஒன்றும் இல்லை என்றேன். அது உன்னுடைய மாமா என்றேன்.